சிவப்பு மூடி, நீல மூடி

இது எனக்கு நேராகத் தெரிந்த கதை இல்லை. சென்னையில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் செண்பகவல்லி சொல்லிக் கேட்டது. அவளுக்கு அவள் அப்பா சங்கரபாண்டியன் சொன்னது. அவர் கோவில்பட்டியில் மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று காலை ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது மனதுக்குள் என்னென்ன ஓடியது என்று மகளிடம் பல தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றி, சொல்லியிருக்கிறார். விட்டுப்போன இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். எது அவர் நினைத்தது, எது நான் நினைத்தது என்று இப்போது கேட்டால் சரியாகப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் மாத்திரை, டப்பா, வாய்ப்புண், டாக்டர் சொன்ன வார்த்தை, இவற்றில் என் கைச்சரக்கு எதுவும் இல்லை.

"ரத்தம் எடுத்தாச்சு. ரிசல்ட் வந்ததும் டாக்டர் கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் உக்காருங்க" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் போய்விட்டாள். உட்காருங்களாம். எதில் உட்கார? வருகிறவன் போகிறவன் எல்லாம் மூட்டு வலிக்காரன், இந்த ஆஸ்பத்திரியில் போய் இவ்வளவு தாழ்வாக நாற்காலி போடலாம் என்று எவனுக்குத் தோன்றியது? உட்கார்ந்தவள் எழுந்திருக்க வேண்டாமா? அதுவும் ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்திய நாற்காலி. அந்தக் கோடியில் ஒருத்தன் காலை ஆட்டினால் இந்தக் கோடியில் அவர் மனைவி பூரணத்துக்கு முட்டியில் குத்துகிறது. "ஏங்க, அந்தத் தம்பிய காலாட்டாம இருக்கச் சொல்லுங்க" என்றாள் முந்தானையால் வாயைப் பொத்தியபடி. சொல்லலாம்தான். சொன்னால் அவன் முறைப்பான், பிறகு அதற்கு ஒரு பேச்சு. சங்கரபாண்டியன் எழுந்து அவளுக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் மாறி உட்கார்ந்துகொண்டார். ஆட்டம் அப்படியே இருந்தது. இப்போது அவர் வழியாகப் போய் அவளுக்குக் குத்தியது. சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஏதோ மசாலாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பூரணம் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காரம் என்ற எண்ணமே அவளுக்கு எரிகிறது போல. வாய்ப்புண் வந்ததிலிருந்து இதே பாடுதான். நாக்கில், உதட்டின் உள்பக்கத்தில், அண்ணத்தில், வெள்ளை வெள்ளையாக. சூடு என்றாள். உடம்பில் சூடு ஏறிவிட்டதாம். எதிர் வீட்டுக்காரியும் சூடு என்றாள், பால்காரரும் சூடு என்றார், இவருடைய தங்கச்சி விருதுநகரிலிருந்து போனிலேயே பார்த்து சூடு என்றாள். மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் போட்டுக் கொடுத்தாயிற்று. இளநீர், வெந்தயம் ஊறவைத்த தண்ணீர், நாக்கில் நெய். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேன் என்று சொல்லி இவரையே முதுகில் தேய்க்கச் சொன்னாள். தேய்க்கும்போது பார்த்தார், தோள்பட்டையில் கன்றிப்போன மாதிரி நீலமாக ஒரு திட்டு. "எங்கே இடிச்ச?" என்றார். "இடிக்கவே இல்லையே" என்றாள். இடிக்காமல் எப்படிக் கன்றும்? எதையும் நேராகச் சொல்லமாட்டாள். நேற்று ராத்திரி ரசச் சோற்றைக் கரைத்துக் கொடுத்தும் தட்டைத் தள்ளிவிட்டாள். அவருக்குப் பொறுக்கவில்லை. "திங்காம கெடந்தா சூடு எறங்கிருமா? மாத்திரையும் வெறும் வயித்துல போடற. சொன்னா ஒண்ணாவது கேக்கியா?" என்று கத்தினார். பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தால்தானே. காலையில் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அப்புறம்தான் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினார்கள்.

பக்கத்து நாற்காலிக்காரர் நல்ல சிவப்பில் துண்டு போட்டிருந்தார். எவ்வளவு நேரமாகக் காத்திருந்தாரோ, பேச ஆள் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. "அண்ணாச்சி, உங்களுக்கா, அவங்களுக்கா?" என்றார். அவளுக்கு என்று கையைக் காட்டினார் சங்கரபாண்டியன். "மொழங்காலா, கையா?" எல்லாம்தான். "முடக்குவாதம்னா இங்கிலீஷ் மருந்தால ஆகாது அண்ணாச்சி. பேருலயே இருக்கு பாருங்க, முடக்கறுத்தான். அத தோசை மாவுல அரைச்சு ஊத்தி…" முடக்கறுத்தான் தோசை. இதைச் சொல்லாத மனிதன் இந்தத் திருநெல்வேலி ஜில்லாவில் ஒருத்தன் உண்டா? பஸ்ஸில் சொல்கிறான், கோயில் வாசலில் சொல்கிறான், கரண்ட் பில் கட்டும் வரிசையில் சொல்கிறான். வீட்டுக் கொல்லையில் அந்தக் கொடி வேலி முழுக்கப் படர்ந்து கிடக்கிறது. அதைத் தின்றே ஒரு வருஷம் ஓட்டியதில்தான் விரல் எல்லாம் திருகிக்கொண்டது. அப்புறம் பிரண்டைத் துவையல். அப்புறம் ஒருத்தன் கொடுத்த கறுப்பு எண்ணெய், தடவினால் தெருவே நாறும். கடைசியில் இந்த டாக்டரம்மாவிடம் வந்தபோது அவர் பூரணத்தின் கையை மெல்ல எடுத்து, ஒவ்வொரு கணுவாக அமுக்கிப் பார்த்து, "இவ்வளவு நாள் ஏன் வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? தோசை சுட்டுக்கொண்டிருந்தோம் என்றா? "சாப்பிட்டுப் பாத்தோம்" என்றார் பக்கத்து நாற்காலிக்காரரிடம். "எப்படிச் சாப்பிட்டீங்க? பச்சையா அரைச்சா, வதக்கியா?" சங்கரபாண்டியன் டிவியைப் பார்த்தார். மசாலாவை இப்போது மீன்மேல் தடவிக்கொண்டிருந்தார்கள். விரல் விரலாகத் தடவினாள் அந்தப் பெண். நல்ல விரல்கள். பூரணத்துக்கும் அப்படித்தான் இருந்தன. பூக் கட்டினால் தெருவில் இருக்கிறவர்கள் நின்று பார்ப்பார்கள், நூலுக்கும் பூவுக்கும் நடுவில் விரல் இருப்பதே தெரியாது. இப்போது அந்தக் கையால் ஒரு மாத்திரையை அட்டையிலிருந்து அமுக்கி எடுக்க முடியவில்லை. முதலில் அதுதான் சண்டை. மாத்திரை அட்டையைக் கண்டுபிடித்தவன் கைவலிக்காரனை மனதில் வைத்தா கண்டுபிடித்தான்? வலிக்கு மாத்திரை, மாத்திரையை எடுக்க வலி. அவள் பல்லால் கடித்துக் கிழிப்பாள், மாத்திரை தெறித்து ஓடி அடுப்புக்கடியில் போகும், இவர் படுத்துக்கொண்டு துடைப்பக்குச்சியால் துழாவுவார். அப்புறம்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அது அவருடைய யோசனைதான், அதில் சந்தேகம் இல்லை. வாங்கி வந்த அன்றைக்கே எல்லா அட்டையையும் உட்கார்ந்து உடைத்து டப்பாவில் போட்டுவிடுவது.

இரண்டு டப்பா. இரண்டும் பெருங்காய டப்பா, ஒரே உயரம், ஒரே வெள்ளை, கம்பெனிதான் வேறு. ஒன்றுக்குச் சிவப்பு மூடி, ஒன்றுக்கு நீல மூடி. சிவப்பு மூடி ஞாயிற்றுக்கிழமை மாத்திரைக்கு. வாரத்தில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மாத்திரை, அதற்கு மேல் தொடக் கூடாது. முதல் தடவையே டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார், இது புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்து, வீரியம் உள்ளது, மூட்டுக்குக் கொஞ்சமாகத்தான் கொடுப்போம், மறந்துபோனால்கூடப் பரவாயில்லை, கூடப் போட்டுவிடக் கூடாது என்று. மெத்தோட்ரெக்சேட். அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி மனப்பாடம் செய்திருந்தார் சங்கரபாண்டியன். நீல மூடி மற்ற நாளுக்கு. அது வெறும் சத்து மாத்திரை, ஃபோலிக் ஆசிட், அந்த வீரியத்தைத் தாங்குவதற்கு. சிவப்பு என்றால் கை வைக்காதே. முப்பது வருஷம் கம்பத்தில் ஏறியவனுக்கு இதைவிட ஒழுங்கு வேறு என்ன வேண்டும்? செண்பகவல்லியிடம் போனில் சொன்னபோது "சூப்பர்ப்பா" என்றாள். படித்தவளே சூப்பர் என்றுவிட்டாள். ஒரே ஒரு குறை, இரண்டு மாத்திரையும் மஞ்சள். பொடிசு, மஞ்சள். மூன்று ஃபேஸுக்கு மூன்று நிறம் வைத்தான் கரண்டுக்காரன். இவன்களுக்கு நிறமே கிடைக்கவில்லையா? உலகத்தில் பச்சை இல்லையா, ஊதா இல்லையா?

"மாத்திரை எல்லாம் கொண்டு வந்திருக்கீங்களா?" சிஸ்டர் வந்து நின்றாள். சின்னப் பெண், கையில் பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். மஞ்சள் பையிலிருந்து இரண்டு டப்பாவையும் எடுத்து நீட்டினார். "அட்டை எங்க?" "உடைச்சு டப்பால போட்டுருவோம்மா." "அட்டையோட கொண்டு வரணும்னு சொல்லியிருக்கோம்ல ஐயா? இதுல எது என்னன்னு நான் எப்படிப் பாக்கறது?" "சிவப்பு மூடி வாரத்துக்கு ஒண்ணு, நீல மூடி தினசரி." "மூடியப் பாத்து மருந்து எழுதுவாங்களா? சரி, கையிலயே வெச்சிருங்க, டாக்டர் கேப்பாங்க." போய்விட்டாள். அட்டையோடு கொண்டு வரணுமாம். வந்து அமுக்கிப் பார் அந்தக் கையால். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தக் கையை வாங்கி மாட்டிக்கொண்டு ஒரு மாத்திரையை அட்டையிலிருந்து எடு, அப்புறம் பேசு. பக்கத்து நாற்காலிக்காரர் குனிந்து டப்பாக்களைப் பார்த்தார். "பெருங்காயமா அண்ணாச்சி? வாயுவுக்கு நல்லது." சங்கரபாண்டியன் கோபத்தில் டப்பாக்களைப் பையில் போடப் போனார். அப்போதுதான் சிவப்பு மூடி கடகடவென்று ஆடியது.

அது ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தார். மாத்திரை இருந்தால் சத்தம் வரத்தான் செய்யும். நீல மூடியை ஆட்டிப் பார்த்தார். டிக் டிக். ஒன்றிரண்டுதான் கிடந்தது. நீலம் குறைந்துகொண்டு வருவது அவருக்குத் தெரியும். அதற்காகப் போன வாரம் மெடிக்கல் ஷாப்காரனோடு சண்டையே போட்டார். "நான் கேட்டது மூணு மாசத்துக்கு. நீ குடுத்தது மூணு வாரத்துக்கு வராது. எண்ணிக் குடுக்க மாட்டியா?" அவன் பில்லைக் காட்டினான், இவர் பில்லை நம்பவில்லை, அவன் "சார், அம்மாவக் கேளுங்க, எங்கயாவது கொட்டிருப்பாங்க" என்றான். வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டார். அதற்கும் ஒரு கத்தல். ஆனால் சிவப்பு ஏன் இப்படிக் கனக்கிறது? சிவப்பில் என்றைக்குமே கொஞ்சம்தான் இருக்கும், வாரத்துக்கு ஒன்றுதானே. கொஞ்சமாக இருக்க வேண்டியது நிறைய இருக்கிறது. நிறைய இருக்க வேண்டியது தீர்ந்துபோய்விட்டது. மறுபடி ஆட்டினார். கடகட. டிக் டிக். டிவியில் அந்தப் பெண் மீனைத் திருப்பிப் போட்டாள். வாய்ப்புண். இடிக்காமல் கன்றிய தோள். காய்ச்சல். "கூடப் போட்டா வாய்ல புண் வரும், உடனே என்கிட்ட வரணும்." யார் சொன்னது? டாக்டரம்மா சொன்னார், முதல் தடவையே சொன்னார், இவர் தலையை ஆட்டினார், பூரணமும் ஆட்டினாள். அப்புறம் வாயில் புண் வந்தது, இவர்கள் மணத்தக்காளி வாங்கப் போனார்கள். சூடு. எல்லோரும் சூடு என்றார்கள், அவரும் சூடு என்றார். தினம் காலையில் காபிக்கு அப்புறம் நீல மூடியைத் திறந்து, டப்பாவைச் சாய்த்து, விரியாத அந்த உள்ளங்கைக் குழியில் ஒரு மஞ்சள் மாத்திரையை விழவைத்தது யார்? தண்ணீரையும் கையில் கொடுத்தது யார்? வாய் எரிகிறது என்று அவள் தயங்கியபோது "முழுங்கு, நடிக்காத" என்று சொன்னது?

இல்லை, அப்படி இருக்காது. நிதானமாக யோசிக்க வேண்டும். உடைத்துப் போட்ட அன்று என்ன நடந்தது? சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் அட்டைகளைப் பரப்பி, கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி. கபடி ஓடிக்கொண்டிருந்தது டிவியில். இரண்டு குவியல், இந்தப் பக்கம் தினசரி, அந்தப் பக்கம் ஞாயிறு. எந்தப் பக்கம் எது? இந்தப் பக்கம் தினசரிதான். குவியலை அள்ளி டப்பாவில் போட்டாயிற்று. அப்போது சிலிண்டர்காரன் வந்தான். ஆமாம், சிலிண்டர்காரன் வந்தான்! எழுந்து போனார், பழைய சிலிண்டரை உருட்டிக் கொடுத்தார், புதுசை மாட்டி சோப்புத் தண்ணீர் விட்டுக் கசிவு பார்த்தார், திரும்பி வந்தார். வந்தபோது டப்பா மூடியிருந்ததா, திறந்திருந்ததா? மூடியிருந்தது. அவள் மூடியிருக்கிறாள். மூடும்போது மூடியை மாற்றிவிட்டாள். அவ்வளவுதான், மூடி மாறிவிட்டது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி, ஒரு மூடியைப் பார்த்துப் போடத் தெரியவில்லை. எத்தனை தடவை சொல்வது, சிவப்பு அதற்கு, நீலம் இதற்கு. உள்ளுக்குள் ஏதோ ஒன்று கொஞ்சம் இறங்கி உட்கார்ந்தது. உட்கார்ந்த உடனேயே மறுபடி எழுந்தது. திறந்திருந்ததோ? திறந்திருந்து, இவரே உட்கார்ந்து மூடினாரோ? கபடியில் யார் ஜெயித்தார்கள் என்பது ஞாபகம் இருக்கிறது. சிலிண்டர்காரன் காலில் செருப்பு இல்லாமல் வந்தது ஞாபகம் இருக்கிறது. இது மட்டும் ஏன் இல்லை? கழுகுமலை ரோட்டில் ஒரு தடவை லைன் ஆஃப் என்று போனில் சொன்னார்கள். கூட வந்தவன் ஏறப் போனான், இவர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே நிறுத்தி டெஸ்டர் வைத்துப் பார்த்தார். லைன் உயிரோடு இருந்தது. அவன் இன்றைக்கும் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோடு வருகிறான். யார் சொன்னாலும் நம்பாதே, நீயே வைத்துப் பார். இதை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இப்போது இரண்டு டப்பாவும் மடியில் இருக்கின்றன. திறந்து, மூடியை மாற்றிப் போட்டுப் பார்த்தால் ஏதாவது தெரியலாம். என்ன தெரியும்? கட்டைவிரல் சிவப்பு மூடிமேல் போய் அரைத் திருகு திருகியது. நின்றது. பக்கத்துக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாத்திரை கீழே கொட்டிவிடும். இது இடமா அதற்கு? மூடியை இறுக்கினார்.

"என்ன, கிலுகிலுப்பை மாதிரி ஆட்டிக்கிட்டே இருக்கீங்க? பேரப்பிள்ளைக்கா?" என்றாள் பூரணம். உதடு ஒட்டிக்கொண்டு வார்த்தை சரியாக விழவில்லை, கேலி மட்டும் சரியாக விழுந்தது. அவருக்கு எரிச்சல் வந்தது. இவளுக்கு எப்படி இந்த நேரத்தில் கேலி வருகிறது? "ஏ, அன்னிக்கு சிலிண்டர்காரன் வந்தான்ல? நான் மாத்திரை உடைச்சுக்கிட்டு இருந்தப்ப." "ஆமா." "இதுகள மூடுனது யாரு?" அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், மடியில் இருந்த டப்பாக்களைப் பார்த்தாள், திரும்ப முகத்தைப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால் அவருக்குப் பிடிக்காது; வேலைக்குப் போன காலத்தில் புயல் ராத்திரி வீட்டுக்கு வந்து நிற்கும்போது இப்படித்தான் தலையிலிருந்து கால்வரை பார்ப்பாள், மனுஷன் முழுசாக வந்திருக்கிறானா என்று. "எதுக்குக் கேக்கீங்க?" "சும்மாதான்." "சும்மாவா கேப்பீங்க நீங்க?" அதற்குள் போன் அடித்தது. செண்பகவல்லி. "அப்பா, ரிசல்ட் வந்துருச்சா? அம்மா சாப்பிட்டாங்களா? டாக்டர் என்ன சொன்னாங்க?" "இன்னும் பாக்கவே இல்ல, அதுக்குள்ள என்ன சொல்லுவாங்க?" "வாய்ப்புண்ணுக்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் இருக்கான்னு கேளுங்கப்பா. நான் படிச்சுப் பாத்தேன், அந்த வாரம் ஒரு தடவை போடற மாத்திரை இருக்குல்ல, அத…" "படிச்சுப் பாத்தியா? நீ டாக்டருக்கா படிச்ச? வெக்கிறேன்." வைத்துவிட்டார். அவள் படித்துப் பார்த்ததைச் சொல்லி முடித்திருப்பாள். முடிக்க விடவில்லை. இந்த வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் என்று தெருவெல்லாம் லட்டு கொடுத்தார். அவள் ஒரு வார்த்தை படித்துச் சொன்னால் போனை வைக்கிறார். கூடப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? புண் மட்டும்தானா? ரத்தம் எதற்கு எடுத்தார்கள்? ரத்தத்தில் என்ன பார்ப்பார்கள்? சூடு என்று ரத்தத்தில் வராது. எவ்வளவு போயிருக்கும் அவள் உடம்புக்குள்? பூரணம் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். கழுத்து நரம்பு துடிக்கிறதா என்று பார்த்தார். துடித்தது. கண்ணைத் திறக்காமலே "இருக்கேன், இருக்கேன்" என்றாள். பக்கத்து நாற்காலிக்காரர், "பிரண்டை பாத்தீங்களா அண்ணாச்சி? நெய்ல வதக்கி…" என்று ஆரம்பித்தார். "அண்ணாச்சி" என்றார் சங்கரபாண்டியன், "உங்க வாய நெய்ல வதக்குங்க." சொன்ன பிறகுதான் சத்தமாகச் சொல்லிவிட்டது தெரிந்தது. காலாட்டிக்கொண்டிருந்த பையன் நிறுத்தினான்.

"பூரணம் சங்கரபாண்டியன்" என்று கூப்பிட்டார்கள். எழுப்பிவிட அவள் அக்குளில் கை கொடுத்தார். அனலாகக் கொதித்தாள், எடை என்று ஒன்றும் இல்லை. உள்ளே டாக்டரம்மா ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "வாயத் திறங்க" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் மாறியது. "மாத்திரை எப்படிப் போடறீங்க?" சங்கரபாண்டியன் இரண்டு டப்பாவையும் மேசைமேல் வைத்தார். சொல்ல வேண்டும். இப்போது சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் வரிசையாக, பேப்பர், குவியல், கபடி, சிலிண்டர். டாக்டரம்மா நீல மூடியைத் திறந்து மிச்சம் கிடந்ததைக் கையில் கொட்டி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சிவப்பிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "தினமும் எது போட்டீங்க?" "நீலம்" என்றார். "நீலத்துலதான் மெத்தோட்ரெக்சேட் இருக்கு. தினமும் இதையா குடுத்தீங்க? யார் டப்பால போட்டது?" அவர் வாயைத் திறந்தார். "நான்தான் டாக்டரம்மா" என்றாள் பூரணம். "இவுக சரியாத்தான் போட்டு வெச்சிருந்தாக. நான்தான் மூடுறப்ப மூடிய மாத்திப் போட்டுட்டேன்." முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாக, எரிவதைப் பொறுத்துக்கொண்டு முழுசாகச் சொன்னாள். டாக்டரம்மா அவள் கைகளைப் பார்த்தார். மடியில் கிடந்த அவற்றை அவள் சேலைக்கடியில் இழுத்துக்கொண்டாள். "இந்தக் கையால மூடியத் திருக முடியுதா உங்களுக்கு?" "அவசரத்துக்கு முடியும்" என்றாள். டாக்டரம்மா சங்கரபாண்டியனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தாளை இவர் பக்கம் திருப்பி வைத்தார். ரத்தத்தில் அணுக்கள் குறைந்துகொண்டிருக்கின்றன, இன்றைக்கே படுக்க வைக்க வேண்டும், இதை முறிக்க ஊசி இருக்கிறது, உடனே ஆரம்பிக்கலாம், காய்ச்சல்தான் பயம், பார்ப்போம். "இன்னும் ஒரு வாரம் கீரை குடுத்துக்கிட்டு இருந்திருந்தீங்கன்னா என்கிட்ட வந்து பிரயோஜனம் இருந்திருக்காது." சங்கரபாண்டியன் திறந்த வாயை மூடினார். மறுபடி திறந்தார். "ஆயிரம் தடவ சொல்லியிருக்கேன் டாக்டர் இவகிட்ட" என்றார், "மூடியப் பாத்துப் போடுன்னு." பூரணம் அவரைப் பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், ஆமாம் என்று. சக்கர நாற்காலி வந்தது. அதுவாவது உயரமாக இருந்தது.

அவள் பிழைத்துக்கொண்டாள். ஊசி, ரத்தம் ஏற்றியது, தனி அறை, மகள் லீவு போட்டு ஓடியது எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்து நாள் ஆனது. இப்போது மாத்திரை அட்டையிலேயே இருக்கிறது. தினம் ஒன்றாக அவர்தான் அமுக்கி எடுத்து, பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டுக் கொடுக்கிறாராம். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் செண்பகவல்லி, "எங்கம்மா இப்படித்தான், எதையாவது மாத்தி வெச்சிருவாங்க" என்று முடிப்பாள்.

பொங்கலுக்கு அவளோடு கோவில்பட்டிக்குப் போயிருந்தேன். அடுப்பு மேடையில் அந்த இரண்டு பெருங்காய டப்பாவும் இருந்தன, ஒன்றில் கடுகு, ஒன்றில் வெந்தயம். எல்லோரும் வாசலில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். செய்யலாமா என்று தயங்கினேன், பிறகு செய்தேன். சிவப்பு மூடியைக் கழற்றி நீல டப்பாவில் வைத்துத் திருகினேன். மரையில் பிடிக்காமல் சும்மா சுற்றியது. நீல மூடியைச் சிவப்பு டப்பாவில் வைத்து அழுத்தினேன், இறங்கவே இல்லை. எப்படி வைத்தாலும் ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சேரவில்லை. அதனதன் மூடியைப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.